ஊற்றாத எண்ணெய்

பிரேக் சாரின் கால்தோல் உரியத் தொடங்கியபோது பார்சல் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஆன உடம்பு, முப்பது நாள் கதிர்வீச்சு வாங்கிய உடம்பு, கொஞ்சம் வறளத்தான் செய்யும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மறுநாள் விரிப்பை உதறினால் வெள்ளையாகப் பறந்தது. அதற்கடுத்த வாரம் படுக்கையைத் தினமும் முறத்தில் கூட்டி அள்ள வேண்டியதாயிற்று. மீன் செதிலைப் போலப் பொடிப்பொடியாக, ஒரு மனிதனின் தோல்.

அந்த வீட்டில் இரண்டு பேர்தான். அவள் பார்சல் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் ஒரே கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். தராசில் வைப்பதற்கு முன்பே, கையில் வாங்கியதும், "எழுநூத்து நாப்பது" என்பாள். பத்து கிராம் முன்னே பின்னே இருந்தால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதனால் தெருவில், கடையில், பஸ்ஸில் எல்லோருக்கும் அவள் பார்சல் அக்கா. புருஷன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்தியே தொண்டையைத் தேய்த்தவர், அதனால் ஊருக்கு அவர் பிரேக் சார். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். போன வருஷம் அந்தத் தொண்டையிலேயே புற்று வந்தது. குரல்பெட்டியையும் உணவுக் குழாயில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, வயிற்றில் சாப்பாடு போக ஒரு குழாய். பேச்சுக்கு, எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்று. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். யாராவது இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் சிலேட்டில் கொட்டை எழுத்தில் "மடையன்" என்று எழுதி அவளிடம் காட்டுவார்.

அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டப்பாவில் வரும் ரெடிமேட் பானம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைக் கலக்கியது. அதனால் வீட்டிலேயே கலந்து ஊற்றுவதற்கு உணவு ஆலோசகர் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். நடக்கும்போது கழுத்து அடையாள அட்டை முதுகுப் பக்கம் போய்விடும், அத்தனை வேகம். கொழுப்பு நீக்கிய பால் இவ்வளவு, புரதப் பொடி இவ்வளவு, குளுக்கோஸ் மாவு இவ்வளவு, விட்டமின் சொட்டு இத்தனை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. கடைசி வரி: சோயா எண்ணெய், வேளைக்குப் பத்து மில்லி. அதன் கீழே இரண்டு கோடு.

அந்தக் கடைசி வரியைத்தான் பார்சல் அக்கா செய்யவில்லை.

சோம்பல் இல்லை, மறதியும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே தம்பி, முப்பத்தொன்பது வயதில், வேலை செய்த கட்டடத்தின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரோ "குழாய் முழுக்கக் கொழுப்பு அடைச்சிருக்கு" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாக அடுக்களையில் இருந்த எண்ணெய்ப் பாட்டில்களை வாசல் குப்பையில் கொண்டுபோய் வைத்தாள். அதோடு சரி. அதன் பிறகு அந்த வீட்டில் வாணலி சூடானது தண்ணீரில்தான். காய் வெந்தது ஆவியில். பாலில் ஏடு படிந்தால் வழித்துக் கொட்டிவிடுவாள். தம்பியைக் கொண்டுபோன சனியனை வீட்டுக்குள் விடுவதில்லை என்பது அவள் வாய்விட்டுச் சொல்லாத சபதம்.

ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடக்கும் மனுஷன் வயிற்றில், நாளைக்கு அறுபது மில்லி எண்ணெயை அவள் கையாலேயே ஊற்றுவதா? சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் அரைமணி நேரம் நின்றாள். பிறகு கணக்குப் போட்டாள். எண்ணெயில் இருப்பது சக்திதானே, அந்தச் சக்தியைக் குளுக்கோஸ் மாவிலும் கொடுக்கலாமே. அறுபது மில்லிக்கு ஈடாக நூற்று முப்பத்தைந்து கிராம். சமையல் தராசில் நிறுத்து, ஆறாகப் பிரித்து, பாலில் கரைத்தாள். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. எடை இறங்கியிருந்தால் பிடிபட்டிருப்பாள். எடை இறங்கவில்லை.

மாதா மாதம் செக்கப்புக்குப் போகும்போது உணவு ஆலோசகர் அவரை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பாள்: "எல்லாம் சீட்டுல உள்ளபடிதானேம்மா?"

"ஆமா."

"உங்கள மாதிரி அளந்து செய்யுற ஆள நான் பாத்ததே இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் உங்களத்தான் உதாரணம் சொல்றேன்."

பார்சல் அக்காவுக்கு அந்த நேரம் காது மடல் சுடும். ஆனால் பொய் சொன்ன கூச்சம் வாசல் தாண்டும்வரைதான். நல்லதுக்குத்தானே, என்று பஸ் ஏறிவிடுவாள்.

ஏழாவது மாதம் கால், எட்டாவது மாதம் முதுகு. பிறகு புருவம் கொட்டியது. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. வயிற்றில் குழாய் நுழைகிற இடத்தில் ஒரு சின்னப் புண் வந்து, ஆறுவதாகப் போக்குக் காட்டி, மறுபடி கசிந்தது. தோல் டாக்டர் முதலில் சொறி என்றார், களிம்பு கொடுத்தார். பிறகு ஒவ்வாமை என்றார், சோப்பை மாற்றச் சொன்னார். வீட்டில் சோப்பு, விரிப்பு, சலவைத்தூள் எல்லாம் மாறின. தோல் மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. சொறிந்து சொறிந்து அவர் தூக்கத்தை இழந்தார். சிலேட்டில் "மடையன்" எழுதுவதுகூட நின்றுபோயிற்று. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை காலை குழாயைச் சுற்றிச் சீழ் கட்டி, காய்ச்சல் நூற்று மூன்று ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழாயில் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நரம்பில் மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் வந்து அவருடைய முதுகை வெகுநேரம் பார்த்தார். ஐம்பது வயது மனிதர், அவசரமில்லாதவர். பார்த்துவிட்டு விசித்திரமாக ஒன்று கேட்டார்.

"இவருக்குச் சாப்பாட்டுல கொழுப்பு போகுதா?"

"போகுது சார்," என்றாள் உணவு ஆலோசகர், பக்கத்தில் நின்றவள். "நாளைக்கு அறுபது மில்லி எண்ணெய். நான்தான் எழுதினேன்."

"அப்ப இது அதுவா இருக்க முடியாது. இருந்தாலும் ஒரு ரத்தம் எடுத்து அனுப்பிடுவோம்."

பார்சல் அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு எதுவும் விளங்கவுமில்லை. கொழுப்பு இருந்தால் ஆபத்து என்றுதான் அவளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஆபத்து என்று ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

அந்தச் சோதனையை அந்த ஆஸ்பத்திரியில் செய்ய வசதி இல்லை. வேறு ஊருக்குப் போய்த் திரும்ப ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலை அவளை டாக்டரின் அறைக்கு அழைத்தார்கள். சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் தோலின் குறுக்குவெட்டுப் படம். உணவு ஆலோசகர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் கழுவியிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

டாக்டர் காகிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்தார். "அம்மா, நம்ம உடம்பு ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. தனக்கு வேண்டிய கொழுப்புல முக்காவாசிய அதுவே தயாரிச்சுக்கும். சர்க்கரையக் குடுத்தாக்கூடக் கொழுப்பா மாத்திக்கும். ஆனா ரெண்டே ரெண்டு ரகத்த மட்டும் அதால செய்ய முடியாது. லினோலெயிக்னு ஒண்ணு, லினோலெனிக்னு ஒண்ணு. அது வெளிய இருந்துதான் வந்தாகணும். எண்ணெயில, கொட்டை விதையில, மீன்ல இருக்கு. தோல்ல ஈரம் வெளிய போகாம அணை கட்டுறது அதுதான். புண்ணு ஆறுறதுக்கும் அது வேணும். மூளை, கண்ணு, நரம்பு, ஒவ்வொரு செல்லோட சுவரும் அதை வச்சுத்தான் கட்டியிருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"அது வரலேன்னா, உடம்பு அவசரத்துக்கு ஒரு போலிச் சரக்கு செஞ்சு அந்த இடத்துல வச்சுப் பாக்கும். அந்தப் போலி ரத்தத்துல ஏறியிருந்தா, அசல் தீந்துபோச்சுன்னு அர்த்தம்." அவர் காகிதத்தில் ஒரு எண்ணைத் தொட்டார். "இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன், இப்படி ஒரு எண்ண நேர்ல பாத்ததில்ல. இவர் உடம்புல அந்த ரெண்டு கொழுப்பும் சுத்தமா இல்ல. ஒரு பத்து மாசமா ஒரு சொட்டுகூட உள்ள போகாத மாதிரி இருக்கு."

ஒரு சொட்டுகூட. பார்சல் அக்கா தினமும் காலையில் முறத்தில் கூட்டி அள்ளியது அவள் ஊற்றாததைத்தான்.

"தப்பு என்னோடதுதான் சார்," என்று உணவு ஆலோசகர் சொல்லிக்கொண்டிருந்தாள். "எண்ணெய் குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கிட்டு உள்ள போகாம இருந்திருக்கலாம். இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குக் கொழுப்பு செரிக்கவே இல்லியோ என்னவோ. அத நான் சோதிச்சிருக்கணும். எடைய மட்டும் பாத்து ஏமாந்துட்டேன். நான் எழுதிக் குடுத்துடறேன். தலைமை டாக்டர் கேட்டிருக்காங்க. பதினஞ்சு பேருக்கு நான் இதே மாதிரி சீட்டு குடுத்திருக்கேன் சார். அவங்க எல்லாருக்கும்..."

மேஜைமேல் அவள் பாதி எழுதிய காகிதம் கிடந்தது. 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தது. பார்சல் அக்கா தலைகீழாகவே அதைப் படித்தாள். கவுன்ட்டரில் எதிர்ப்பக்கத்து முகவரிகளைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மூச்சு நேரம் நின்றது. அவ்வளவுதான்.

"அத எழுதாதம்மா," என்றாள். "சீட்டு சரியாத்தான் இருந்துது. நான் ஊத்தல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எண்ணெய. நான் ஊத்தல. அதுக்குப் பதிலா குளுக்கோஸ் போட்டேன்."

"எத்தன நாளா?" என்றார் டாக்டர்.

"முதல் நாள்ல இருந்தே."

"ஒரு நாள்கூடவா ஊத்தல?" உணவு ஆலோசகரின் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நம்ப முடியாத ஒரு வியப்பு, அடிபட்ட குழந்தை மாதிரி. "மாசா மாசம் உங்கள நான் கேட்டேனேம்மா."

"கேட்ட."

"ஆமான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

அந்தப் பெண் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுதிய காகிதத்தை எடுத்து நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டர் திட்டவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார். பார்சல் அக்கா தம்பியைப் பற்றிச் சொன்னாள். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் மலையாக இருந்தது வெளியே வந்ததும் இவ்வளவுதானா என்று இருந்தது.

டாக்டர் தாடையைத் தேய்த்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. உங்க வீட்டுல பன்னெண்டு வருஷமா எண்ணெய் இல்லங்கறீங்க. அப்படின்னா ஆபரேஷனுக்கு முன்னாலயே அவருக்கு ஏதாவது ஆகியிருக்கணுமே. உங்களுக்கும்தான்."



வார்டுக்குத் திரும்பி வந்தவள் கட்டிலருகே நின்றுவிட்டாள். அவருடைய தலைக்குமேல் புதிதாக ஒரு பை தொங்கியது. அதற்குள் பால் போல வெள்ளையாக ஏதோ. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக அவர் கையின் நரம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதென்ன சிஸ்டர், பாலையா ஏத்துறீங்க?"

"பால் இல்லம்மா. கொழுப்பு. சோயா எண்ணெயப் பக்குவப்படுத்தித் தண்ணியோட கலந்தது. புண்ணு ஆறுற வரைக்கும் வயித்துக் குழாயில குடுக்க முடியாதுல்ல, அதான் நேரா ரத்தத்துல."

"நேரா ரத்தக் குழாயிலயா?"

"ஆமா. ஏன், என்னாச்சு? உக்காருங்க, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

உட்காரவில்லை. அந்தப் பை காலியாக எட்டு மணிநேரம் பிடித்தது. எட்டு மணிநேரமும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த நிமிஷமும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று கால்விரல்களை ஊன்றிக் காத்திருந்தாள். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பை சுருங்கித் தட்டையானது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அவரிடம் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே.

"என்னங்க. உங்களுக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். சாப்பாட்டுல எண்ணெய் ஊத்தச் சொல்லியிருந்தாங்க. நான் ஊத்தல. ஒரு நாளும் ஊத்தல."

சிலேட்டில் பேனா கீச்சிடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

"தெரியும்" என்று எழுதியிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்ன தெரியும்?"

அழித்துவிட்டு எழுதினார். "சீட்டு ஃப்ரிட்ஜ் கதவுலதானே ஒட்டியிருந்துது. நான் படிச்சேன். நீ கலக்குறதையும் பாத்தேன். முதல் வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ பயந்தே. ஆறு வேளையும் அளந்து அளந்து ஊத்துனே. உன்கிட்டக் குறை சொல்ல மனசு வரல." இடம் போதவில்லை. அழித்தார். "நாக்குல படாத சாப்பாடு. அதுல எண்ணெய் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு இருந்துட்டேன்."

பத்து மாதம். தோல் உதிர உதிர, முடி கொட்டக் கொட்ட, இந்த மனுஷன் தெரிந்தேவா இருந்தார்? அவரிடம் கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல், "தோல் உரிஞ்சப்பவாவது சொல்லித் தொலச்சிருக்கலாமே," என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் டாக்டரா?"

அந்த மட்டுக்கும் சரிதான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டாள். "பன்னெண்டு வருஷமா நம்ம வீட்டுல எண்ணெய் இல்லியே, அப்பல்லாம் எப்படி ஒண்ணும் ஆகலன்னு கேக்குறாரு."

பிரேக் சார் வெகுநேரம் பேனாவைக் கையில் உருட்டினார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட முகம். பிறகு எழுதியதைச் சட்டென்று காட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"பொரிச்ச மீன். வறுத்த கடலை. தினமும். காலை பேட்ச் முடிஞ்சு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"எத்தன வருஷமா?"

பன்னிரண்டு என்பதற்கு இரண்டு கையையும் விரித்து, அப்புறம் இரண்டு விரலைக் காட்டினார்.

வீட்டில் ஆவியில் வெந்ததை ஒரு குறையும் சொல்லாமல் தின்ற மனிதர். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவளுடைய கைப்பக்குவத்தால்தான் இத்தனை காலம் அவர் நெஞ்சு நன்றாக ஓடுகிறது என்று கவுன்ட்டரில் பெருமை அடித்திருக்கிறாள். அந்தக் கவுன்ட்டரில்தான் அவளும் மத்தியானம் நாலு பேர் டப்பாவிலிருந்து எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள், அவர்கள் அன்பாக நீட்டுவதை எப்படி மறுப்பது என்று. வறுத்த பருப்பு, எள்ளு உருண்டை, யார் யாரோ பொரித்தது, ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பியது. அது அவள் கணக்கில் சாப்பாடாகவே வந்ததில்லை. இரண்டு பேரையும் காப்பாற்றியது வெளிச்சாப்பாடு. அவர் வெளியே போக முடியாமல், வாயால் தின்ன முடியாமல், முழுக்க முழுக்க அவள் கைக்குள் வந்த பிறகுதான் இந்தக் கதி.

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தில் நின்று தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்தாள். அவள் இப்போது வேறு ஊரில் இருந்தாள், வருஷத்துக்கு இரண்டு தடவை பேச்சு.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு? எண்ணெயாலதான்னு சொன்னாருல்ல?"

"இல்ல அண்ணி. டாக்டர் எண்ணெயப் பத்திப் பேசவே இல்ல. சிகரெட்டத்தான் சொன்னாரு. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு. அப்புறம் பிரஷர் மாத்திரைய அவர் பாதியில நிறுத்தினது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சுடுவீங்கன்னு அவர் உங்ககிட்ட ரெண்டையும் மறைச்சிருந்தாரு. போனப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப எண்ணெய்?"

"எண்ணெய்னு நீங்கதான் அண்ணி சொன்னீங்க. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பார்சல் அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு தடவை வழி கேட்ட பிறகுதான் நகர்ந்தாள். தோல் டாக்டரிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் எண்ணெய்க்கு நற்சான்று எதுவும் கொடுக்கவில்லை. "அதுக்காக இனிமே பொரிச்சதாவே தின்னுட்டு இருக்காதீங்க. கொழுப்புல ரகம் இருக்கு, அளவு இருக்கு. கூடினா ஒரு மாதிரி கெடுக்கும், அறவே இல்லாட்டி வேற மாதிரி கெடுக்கும். அளவு உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

புண் காய்ந்து வயிற்றுக் குழாயில் சாப்பாடு தொடங்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மேல்தோலுக்கும் எண்ணெய் தடவச் சொன்னார்கள், கொஞ்சம் உள்ளே இழுக்கும் என்று. அவளே தடவினாள். விரலில் பட்ட அந்த வழுவழுப்பு முதல் நாள் அவளுக்குக் குமட்டியது. நாலாம் நாள் அவருடைய முதுகில் உரிந்த இடத்துக்கு அடியில் இளஞ்சிவப்பாக, குழந்தையின் தோல் மாதிரி, ஒரு திட்டு தெரிந்தது. வீட்டுக்கு வந்த முதல் வேளை, ஊசிக்குழலில் பத்து மில்லி இழுத்துக் குழாய் வாயில் வைத்துவிட்டு அழுத்தாமல் நின்றாள். பிரேக் சார் சிலேட்டை எடுத்தார். "மெதுவா. கிளட்ச்ச விடு." அவள் சிரித்துவிட்டாள். ஊற்றினாள்.

எல்லாமே திரும்பவில்லை. புருவம் அரைகுறையாகத்தான் முளைத்தது. இடது பாதத்தில் ஒரு மரமரப்பு தங்கிவிட்டது, அது கதிர்வீச்சாலா, அந்தப் பத்து மாதத்தாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நல்லவேளை, அவர் இனி வண்டி ஓட்டப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காகவும் அவள் வருத்தப்படுவாள்.

உணவு ஆலோசகர் இரண்டு மாதம் அவளோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாவது மாதம் செக்கப்பில் அவரை நிறுத்துவிட்டு, சீட்டை மடித்துவிட்டு, "ஒரு உதவி செய்வீங்களாம்மா?" என்றாள். பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம்.

வகுப்பறையில் பதினொரு பேர் இருந்தார்கள், எல்லாரும் நோட்டும் கையுமாக. பார்சல் அக்கா முன்னால் நின்று, ஆரம்பத்திலிருந்து, தம்பியிலிருந்து, முறத்தில் அள்ளியது வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். முடித்ததும் பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"மாசா மாசம் இவங்க கேட்டப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

அவள் யோசித்தாள். பக்கத்தில் உணவு ஆலோசகரும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமாவான்னு கேட்டா ஆமான்னுதாம்மா வாய்ல வரும்," என்றாள். "எப்படிக் கலக்குறீங்க, செஞ்சு காட்டுங்கன்னு கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். ஆனா அதுக்காகத் தப்பு இவங்களோடதுன்னு ஆகாது. எனக்கு நல்ல பேரு வேண்டியிருந்துது. இவங்க வேற உதாரணம் சொல்றேன்னாங்க. அதக் கெடுத்துக்க மனசு வரல. அதுதான் நெசம்."

பதினொரு பேனாக்களும் ஓடின. உணவு ஆலோசகர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு அவளே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, லிஃப்ட் வரை கூடவே நடந்து வந்தாள். புருஷனுடைய மூன்று மணிச் சாப்பாட்டு வேளைக்கு நேரமாகிவிட்டது. பார்சல் அக்கா பஸ்ஸுக்கு ஓடினாள்.